பேரை மாற்றினால் கிருமி ஓடிவிடும்

வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் யாரும் காசை எடுப்பதில்லை. ஆட்டுக்கு அந்த மரியாதை உண்டு. அதே ஆள் காய்ச்சலென்று மெடிக்கலுக்குப் போனால் யாரும் எதையும் பார்ப்பதில்லை. டாக்டர் சீட்டா? அது எதற்கு? செஃபிக்சிம் என்னும் ஆன்டிபயாட்டிக் ரெண்டு வேளைக்கு வெட்டிக் கொடுத்தாகிவிட்டது. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை? அழகுக்கு.

அரைகுறை மருந்தில் சோதாக் கிருமிகள் சாகின்றன. தாங்கும் மரபணு உள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன. அந்த மரபணு பிளாஸ்மிட் என்னும் குட்டி டிஎன்ஏ வளையத்தில் இருந்துவிட்டால், பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவதுபோல் பக்கத்துக் கிருமிக்குப் போய்விடும். ஈ.கோலை கிளெப்சியெல்லாவுக்கே கொடுக்கும். என்ன இனம் என்று கேட்பதில்லை, சான்றிதழுக்கு அலையவிடுவதில்லை. வசதியான இடம் கிடைத்தால் 20 நிமிடத்தில் ஈ.கோலை ஒன்று இரண்டாகும். நம் கோப்பு 20 நிமிடத்தில் ஒரு மேசையைத் தாண்டுமா?

2010 ஆகஸ்ட். வலுவான ஆன்டிபயாட்டிக்குகளான கார்பபெனெம் மருந்துகளையே உடைக்கும் ‘நியூடெல்லி’ என்டிஎம்-1 நொதி, சென்னை, ஹரியானா நோயாளிகளின் கிருமிகளில் இருப்பதை லான்செட் குழும இதழ் வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மத்திய அரசு பொங்கி எழுந்தது. கிருமி மேல் அல்ல, பெயர் மேல்! தலைநகரின் பெயரை எப்படி வைக்கலாம்? மருத்துவச் சுற்றுலா என்னாவது? மறு ஆண்டு டெல்லிக் குடிநீர் மாதிரிகள் 50இல் 2இல் அதே மரபணு கிடைத்தது. மானம் காத்தவர்கள் தண்ணீரைக் காக்கவில்லை.

கார்பபெனெமும் தோற்றால் மருத்துவர் தேடுவது கோலிஸ்டின். அதைத்தான் கோழி எடை போடத் தீவனத்தில் கலந்தோம். ஐ.சி.யு.வில் மனிதனுக்குக் கடைசி மருந்து. பண்ணையில் அது தீனி. தடை வந்தது 2019 ஜூலையில். அதுவரை கோழி கொழுத்தது, கிருமியும் கொழுத்தது.

சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. 2014 மார்ச் 1 முதல், மருந்து விதிகளின் எச்1 அட்டவணையிலுள்ள 46 மருந்துகளுக்குச் சீட்டு வேண்டும். எழுதிய மருத்துவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 3 வருடம் அதைப் பாதுகாக்க வேண்டும். காலிப் பக்கத்தைப் பாதுகாப்பது சுலபம்தான்.

மருந்து ஆய்வாளரே, அந்தப் பதிவேட்டை ஒரு நாளாவது திறந்து பாருங்கள். சம்பளம் எங்கள் வரிப்பணம்.