பூதத்துக்குக் கூலி எவ்வளவு?

டோக்கியோவுக்குப் பக்கத்தில் மச்சிதா என்றொரு ஊர். 1970களில் அங்கே குளமும் வயலும் இன்னும் மிச்சமிருந்தன. வண்டு பிடிப்பதென்றால் ஜப்பானியப் பையன்களுக்கு உயிர். மரப்பட்டையில் தேனைத் தடவிவிட்டு வண்டு வருமா வருமா என்று காத்துக் கிடப்பார்கள். சதோஷி தாஜிரி என்ற பையன் மட்டும் மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். வண்டு பகலில் தூங்குகிற ஜாதி; தூங்க இடம் தேடினால் கல்லுக்கடியில்தான் நுழையும். காலையில் வந்து கல்லைப் புரட்டினால் சரக்கு தயார். தேன் செலவு மிச்சம், கொசுக்கடியும் இல்லை. கூடப் படித்தவர்கள் அவனுக்கு வைத்த பட்டம் 'பூச்சி டாக்டர்'.

தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்து, கொடுக்காப்புளி இலையைத் திணித்து, முட்டை போட்டதா என்று கணக்கு வகுப்பில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆளைப் புரியும். நாம் அந்த முட்டையை இரண்டு பலப்பத்துக்கு விற்றோம். அவர் போக்கிமான் செய்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

பூதம் பிடிக்கிற வீடியோ கேம்களின் சரித்திரம் மொத்தமும் அந்தக் கல்லுக்கடியில்தான் இருக்கிறது. நோகாமல் பிடிக்க வேண்டும். பிடித்ததை வேலை வாங்க வேண்டும். போக்கிமானில் பத்து வயசுப் பையன் ஓரமாக நின்று கத்துவான், பிக்காச்சு என்ற மஞ்சள் எலி போய் அடி வாங்கும், பதக்கம் பையனுக்கு. அந்த எலிக்கு என்ன கூலி என்று இதுவரை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கூலிப் பேச்சு ஒழுங்காக நடந்த காலமும் ஒன்று உண்டு. அது போக்கிமானுக்கு முந்தியது. 1987இல் அட்லஸ் நிறுவனம் உருவாக்கி நாம்கோ வெளியிட்ட 'மெகாமி டென்செய்'. அயா நிஷிடானியின் நாவலிலிருந்து வந்த விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் உதை வாங்கிய மாணவன் ஒருவன், பழி தீர்க்க என்ன செய்தான் தெரியுமா? கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி பூதத்தை வரவழைத்தான். தமிழ் சினிமாவாக இருந்தால் ஜிம்முக்குப் போயிருப்பான்.

இந்த விளையாட்டில் எதிரே வருகிற பூதத்தை அடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, பேசலாம். "என்னோடு வேலைக்கு வருகிறாயா?" என்று கேட்டால் அது காசு கேட்கும், இன்னும் கொஞ்சம் கேட்கும். சில நேரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓடிவிடும். வீட்டு புரோக்கருக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதில்லை. சேர்ந்த பிறகும் தினப்படி உண்டு. பூதத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தால் அடிக்கு அடி 'மேக்னடைட்' என்ற சரக்கு கரையும். வேலைக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று ஜப்பானியக் குழந்தைகள் எட்டாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டார்கள்.

அட்லஸ்காரர்கள் ஆட்குறைப்பையும் கண்டுபிடித்தார்கள். இரண்டு பூதங்களை ஒன்றாகக் கலந்தால் ஒரே ஒரு புதுப் பூதம் கிடைக்கும். இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்ப்பார். உலகத்து மதங்கள் அத்தனையிலிருந்தும் இதற்கு ஆள் எடுத்தார்கள். இந்த வரிசையில் பின்னால் வந்த 'பெர்சோனா 3'இல் பாலித் தீவின் ரங்டாவையும் பாரோங்கையும் கலந்தால் சாட்சாத் சிவபெருமான் வந்து நிற்பார். திருவிளையாடலில்கூட இப்படியொரு படலம் கிடையாது. கோபப்படுகிறவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அவர்கள் டோக்கியோவில் இருக்கிறார்கள்.

1992இல் 'டிராகன் குவெஸ்ட் 5' வந்தது. அதன் கதாநாயகன் பத்து வருஷம் அடிமையாகக் கல் சுமந்தவன். தப்பித்து வந்ததும் ஒரு வண்டி வாங்கினான். அப்புறம் அவனிடம் உதை வாங்கிய பூதங்களில் ஒன்றிரண்டு எழுந்து நின்று, நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏற ஆரம்பித்தன. சம்பளமில்லை, பேரமும் இல்லை. பத்து வருஷம் கூலியில்லாமல் உழைத்தவனுக்கு, கூலி கொடுக்காமல் ஆள் சேர்க்கத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. மாமியாரான பிறகு மருமகளாக இருந்ததை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

இனி நம்ம பூச்சி டாக்டர். பையனை மின்சாரக் கம்பெனி வேலையில் சேர்த்துவிட அப்பா முயன்றார். (ஈபி வேலை மேல் அப்பாக்களுக்குள்ள காதலுக்குத் தேச எல்லை கிடையாது.) பையனோ வீடியோ கேம் கடைகளே கதியென்று கிடந்தான். 1983இல் 'கேம் ஃப்ரீக்' என்று கையால் எழுதி, நகலெடுத்து, பின் அடித்து ஒரு பத்திரிகை நடத்தினான். படம் போட வந்து சேர்ந்தவர் கென் சுகிமோரி. நல்ல கேம்களே வருவதில்லை என்று எழுதி எழுதிச் சலித்து, 1989இல் அந்தப் பெயரிலேயே கம்பெனி தொடங்கி, தாங்களே கேம் செய்யக் கிளம்பிவிட்டார்கள். விமர்சகர்கள் படம் எடுக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இங்கே விதிவிலக்கு.

அந்த வருஷம்தான் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தது. இரண்டு கேம் பாய்களை ஒரு வயரால் இணைக்கலாம். மற்றவர்கள் அந்த வயரில் சண்டையைப் பார்த்தார்கள். தாஜிரி பார்த்தது, அதற்குள் ஊர்ந்து போகிற பூச்சியை.

யோசனை வந்த பிறகு ஆறு வருஷம் இழுத்தது. பணம் தீர்ந்தது, ஐந்து பேர் வேலையை விட்டுப் போனார்கள். தாஜிரி சம்பளம் எடுத்துக்கொள்ளாமல் அப்பா காசில் சாப்பிட்டார். ஆக, பூதத்துக்குக் கூலி இல்லாத விளையாட்டைச் செய்தவருக்கே கூலி இல்லை. நியாயம்தான்.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் போக்கிமான் சிவப்பு, பச்சை என்று இரண்டு கேசட்டுகள் வெளிவந்தன. சிவப்பில் இருக்கிற சில பூதங்கள் பச்சையில் இருக்காது. எல்லாம் வேண்டுமென்றால் நண்பன் வேண்டும், நண்பனிடம் வயர் வேண்டும். சில பூதங்களுக்கு இன்னொரு விதி. மாச்சோக் என்ற பயில்வான் உங்களிடமே இருந்தால் தலைகீழாக நின்றாலும் மாச்சோக்தான். வயர் வழியாக அடுத்தவனிடம் அனுப்பினால் அந்த நிமிஷமே மாச்சாம்ப் ஆகி, கூடுதலாக இரண்டு கை முளைக்கும். டிரான்ஸ்ஃபருக்குச் சம்மதித்தால்தான் புரமோஷன். அரசு அலுவலகம் பக்கமே போகாத ஒரு மனிதர் இதை எப்படி யோசித்தார் என்பது எனக்குப் புதிர்.

அந்த விளையாட்டில் வெர்மிலியன் என்ற துறைமுக ஊர். அங்கே ஒரு காலி மனை. மனை நடுவில் மாச்சாப் என்ற சின்னப் பயில்வான் பூதம் தொம் தொம்மென்று தரையை மிதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர். கேட்டால், கட்டடம் கட்டப் போகிறேன், என் பூதம் திமிசு போடுகிறது என்பார். 1999இல் அடுத்த பாகமான தங்கம், வெள்ளி வந்தது. கதைப்படி மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஊருக்கே எத்தனையோ மாற்றங்கள். அந்த மனைக்குப் போனால் மாச்சாப் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறது. பெரியவர், கட்ட ஆரம்பிக்கப் பணமில்லை என்கிறார். மூன்று வருஷம்! பணமில்லை என்று அந்தப் பூதத்திடம் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

கேம் ஃப்ரீக் அலுவலகத்திலும் திருட்டு வேலை நடந்தது. சிவப்பு, பச்சையின் கடைசிச் சோதனைகள் முடிந்து, பிழை பார்க்கும் புரோகிராமை எடுத்துவிட்டபோது கேசட்டில் சுமார் 300 பைட் இடம் காலியானது. இனி ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாத நேரம். ஷிகெகி மோரிமோட்டோ என்ற புரோகிராமர், புறம்போக்கு நிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை போடுவதுபோல அதில் 'மியூ' என்ற 151ஆவது பூதத்தைக் குடியேற்றினார். வதந்தி பரவியது. இடிக்க முடியாதென்று தெரிந்ததும் நின்டெண்டோ பட்டா கொடுத்துவிட்டது: கொரோகொரோ பத்திரிகையில் போட்டி வைத்து, 20 பேருக்கு மியூ என்றார்கள். எழுதிப் போட்டவர்கள் சுமார் 78,000 பேர்.

1997 டிசம்பர் 16. போக்கிமான் தொலைக்காட்சித் தொடரில் பிக்காச்சு மின்சாரம் பாய்ச்சி ஏவுகணைகளை வெடிக்க வைக்க, சிவப்பும் நீலமும் திரையில் படபடவென்று மின்ன, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சுமார் 685 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொடர் நான்கு மாதம் நின்றது. திரும்ப வந்தபோது பிக்காச்சு அதே இடத்தில். அந்த எபிசோடில் சும்மா கூட இருந்த போரிகானுக்கோ அதன்பிறகு வேடமே கிடைக்கவில்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட்ட ஃபைலுக்கு மெமோ வாங்கிய கிளார்க்குகள் ஜப்பானிலும் இருக்கிறார்கள்.

அதே 1997இல் டெக்மோ கம்பெனி 'மான்ஸ்டர் ஃபார்ம்' கொண்டுவந்தது. பிளேஸ்டேஷனில் வீட்டிலிருக்கிற எந்த சிடியைப் போட்டாலும் அதிலிருந்து ஒரு பூதம் பிறக்கும். சுப்ரபாதத்திலிருந்து ஒன்று, கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்று. இரண்டாவது பயமாக இருந்தால் விளையாட்டைக் குறை சொல்லக் கூடாது. 1999இன் 'டிஜிமான் வேர்ல்ட்' நிலைமையைத் தலைகீழாக்கியது. அங்கே எடுபிடி வேலை மனிதனுக்கு. பூதத்துக்கு அவசரம் வந்தால் கழிப்பறைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அடிக்கடி தவறவிட்டால் அது சுகாமான் ஆகிவிடும். என்ன உருவம் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள்.

2016இல் 'போக்கிமான் கோ' வந்து மனிதர்களை ரோட்டில் நடக்க விட்டது. கோயில்களுக்குள் முட்டை கிடைக்கிறது, அது சைவ பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே வந்தது. முட்டை செல்போனுக்குள் இருந்தது என்பது வேறு விஷயம்.

கடைசியாக முகமூடியைக் கழற்றியவர்கள் 'பால்வேர்ல்ட்'காரர்கள். 2024 ஜனவரியில் வந்து ஆறு நாளில் 80 லட்சம் பிரதி விற்றது. இதில் பூதங்கள் நேரடியாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும். கல் உடைக்கும், சமைக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும். வேலை எவ்வளவு கடுமையாக நடக்க வேண்டும் என்று முதலாளி தனியாகத் தீர்மானிக்கலாம். அதிகம் பிழிந்தால் மனச்சோர்வு வரும், வயிற்றில் புண் வரும். அதே வருஷம் செப்டம்பரில் நின்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. வழக்கு காப்புரிமைக்காக. வயிற்றுப்புண்ணுக்காக இல்லை.

புதிதாக ஒன்றை ஆடிப் பார்க்க வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது பிரிட்டனின் பிட்டன் ஸ்டுடியோ உருவாக்கி 2023இல் வெளிவந்த 'கேசட் பீஸ்ட்ஸ்'. போக்குவரத்துக் கூம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிகிற நண்டு உண்டு. அதை நீங்கள் பிடிப்பதில்லை, டேப்பில் பதிவு செய்கிறீர்கள். பிறகு அந்தக் கேசட்டை ஓடவிட்டு நீங்களே நண்டாக மாறிச் சண்டைக்குப் போகிறீர்கள். டேப் போய்விட்டால் மிச்ச அடி உங்கள் சொந்த உடம்புக்கு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த நாணயமான ஏற்பாடு இதுதான்.

அதை முடித்துவிட்டு பழைய கேம் பாய் எங்காவது கிடைத்தால் வெர்மிலியன் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். அந்த மாச்சாப்பைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள்.