உலகம் சுற்றாத வாலிபர்

காலையில் டோக்கியோவின் ஒடைபா கடற்கரை, மதியம் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க், ராத்திரி ஸ்பெயினில் சரகோசா நகரத்துப் பூங்கா என்று ஒரே நாளில் மூன்று கண்டங்களை மிதிக்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. செருப்பு வாசலிலேயே கிடக்கிறது, இரண்டு நாளாக அதை யாரும் தொடவில்லை. 'போகேமான் கோ' ஆடுகிறவர் அவர். தெருத்தெருவாக நடந்து, கைபேசித் திரையில் தெரியும் பிராணிகளைப் பந்து வீசிப் பிடிக்க வேண்டிய இந்த ஆட்டத்தை, தான் இருக்கும் இடத்தைப் பொய்யாகச் சொல்லும் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே ஆடுகிறார். ஆட்டக்காரர்கள் வட்டாரத்தில் இவருக்கு 'ஸ்பூஃபர்' என்று பெயர். மரியாதை கருதி நான் நாற்காலியார் என்கிறேன். சென்னையிலும் இருப்பார், சிகாகோவிலும் இருப்பார். நாற்காலிதான் வேறு வேறு. அவர்மேல் ஊரார் சொல்லும் குற்றம் ஒன்றுதான்: சோம்பேறி. அந்தக் குற்றச்சாட்டு அபாண்டம் என்பது என் கட்சி. நாற்காலியாரைப் போல் ஓயாமல் உழைப்பவர், பூகோளத்துக்கு அஞ்சி நடப்பவர், இந்த ஆட்டத்தில் வேறு யாரும் இல்லை.

ஆட்டம் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2016 ஜூலையில் இதை வெளியிட்ட நயான்டிக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ஹாங்கி, பின்னாளில் கூகுள் எர்த் ஆக மாறிய கீஹோல் நிறுவனத்தில் இருந்தவர். உலகத்தையே திரைக்குள் கொண்டுவந்தவர், திரைக்குள் உட்கார்ந்துவிட்ட ஜனங்களை மறுபடி உலகத்துக்குள் துரத்த ஆசைப்பட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். துரத்தவும் செய்தார். தென்கொரியாவில் ஆட்டம் அதிகாரப்பூர்வமாக வந்தது 2017 ஜனவரியில்தான். ஆனால் வரைபடத்தில் எல்லை பிரித்த விதத்தில், வடகிழக்கு மூலையில் இருக்கும் சொக்சோ என்ற கடலோர ஊரில் மட்டும் 2016 ஜூலையிலேயே அது வேலை செய்துவிட்டது. தலைநகர் சியோலிலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்துப் போனார்கள். டிக்கெட் கிடைக்காமல் திண்டாடினார்கள். அடுத்த மாதம் தாய்பேயின் பெய்தோவில், தூங்குமூஞ்சிப் பிராணி ஒன்று தலைகாட்டியதும் சாலை அடைபட்டுப்போகிற அளவுக்குக் கூட்டம் ஓடியது. திரையில் மட்டும் இருக்கும் ஒன்றுக்காக உடம்பைத் தூக்கிக்கொண்டு இத்தனை பேர் ஓடினார்களே என்று சிரிக்கலாம். ஓடியது என்னவோ நிஜ ஓட்டம்.

நாற்காலியார் ஓடமாட்டார். அதற்காக அவர் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைக் கேட்டுத்தான் கைபேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இந்தச் செயலி அந்தச் செயற்கைக்கோள்களை ஏமாற்றுவதில்லை. நிலக் கணக்கில் சொன்னால், சர்வேயர் சங்கிலி போட்டு அளந்தது சரியாகத்தான் இருக்கிறது. அடங்கலில் எழுதும்போதுதான் வேறு ஊர் ஏறிவிடுகிறது. செயலி எழுதுகிறவர்கள் சோதனை செய்து பார்ப்பதற்காக ஆண்ட்ராய்டிலேயே போலி இடம் காட்டும் வசதி ஒன்று உண்டு. நாற்காலியார் நுழைவது அந்தக் கொல்லைப்புறக் கதவு வழியாக. ஆட்டம் அதைக் கண்டுபிடித்துவிடும் என்பதால் கைபேசியின் பூட்டையே உடைக்க வேண்டும். உடைத்ததை மறைக்க இன்னொன்று நிறுவ வேண்டும். ஆட்டம் புதுப்பிக்கப்பட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். நடக்கப் போயிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.

இடம் மாறுவதோடு வேலை முடிகிறதா என்றால், அங்கேதான் தொடங்குகிறது. சரகோசாவில் ஒரு பிராணியைப் பிடித்த அடுத்த நிமிடம் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொன்றைப் பிடித்தால் சர்வருக்குச் சந்தேகம் வரும். பிறகு கொஞ்ச நேரத்துக்கு எதைத் தொட்டாலும் ஓடிவிடும், ஊருக்குள் ஆட்டம் குறித்துவைத்திருக்கும் எந்த நிறுத்தத்தைச் சுழற்றினாலும் பொருள் விழாது. ஆகவே ஸ்பூஃபர்கள் பட்டறிவில் ஒரு அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறார்கள். 'கூல்டவுன்' என்று பெயர். ஒரு கிலோமீட்டர் தாவினால் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நூறு என்றால் அரை மணிக்கு மேல். சுமார் 1,500 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் எவ்வளவு தூரமானாலும் இரண்டு மணி நேரம். அந்தக் காலத்து கான்கார்டு விமானத்துக்கே அட்லாண்டிக்கைத் தாண்ட மூன்றரை மணி நேரம் பிடித்தது என்று பார்த்தால் சலுகைக் கட்டணம்தான். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரமும் நாற்காலியார் உண்மையிலேயே காத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று மாத்திரை பார்ப்பதுபோல அட்டவணை பார்க்கிறார். நேர்மையான ஆட்டக்காரன் தூரத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. கால் வலித்தால் வீட்டுக்கு வந்துவிடுவான். தூரம் என்று ஒன்று உண்டு, அதற்குக் காலம் என்று ஒரு விலை உண்டு என்பதை அல்லும் பகலும் நினைப்பவர் இவர்தான்.

நடையும் அப்படித்தான். ஆட்டத்தில் முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடக்க வேண்டும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தைக் கொஞ்சம் தாண்டினாலே அந்தத் தூரம் கணக்கில் சேராது. ஆகவே செயலியின் ஜாய்ஸ்டிக்கை நிதான நடைக்கு வைக்கிறார். பத்து கிலோமீட்டர் முட்டைக்கு, திரையில் அவர் உருவமாக உள்ள பொம்மை இரண்டு மணி நேரம் நடக்கிறது. இவர் அதற்குக் காவல் இருக்கிறார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிஜ மனிதன் கையிலிருக்கும் ஜிபிஎஸ் ஒருபோதும் நேர்கோடு போடாது, கொஞ்சம் அலையும். பொம்மை அளவுகோல் வைத்த மாதிரி நடந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் செயலியிலேயே லேசாகத் தள்ளாட ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். தெருவில் தள்ளாடி நடந்தால் நம்மூர் போலீஸ் நிறுத்தி வாயை ஊதச் சொல்லும். இங்கே தள்ளாடாமல் நடந்தால்தான் வம்பு.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அவர் சிரத்தை புரியும். இரவு 11.40. மின்விசிறி சுற்றுகிறது. கைபேசி சார்ஜரில் செருகியபடியே நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்திருக்கிறது. யாரோ அனுப்பிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நகலெடுத்து ஒட்டுகிறார்: 37.8, கமா, 122.4. சான் பிரான்சிஸ்கோவின் 39-ஆம் துறைமேடைக்குப் போக வேண்டியது. திரை வெள்ளையாகி, பிறகு நீலமாகி, நீலமாகவே நிற்கிறது. நிறுத்தம் இல்லை, பிராணி இல்லை, தெரு இல்லை. 122.4க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிற்று. மேற்கு கிழக்காகிவிட்டது, சீனத்தின் வெய்ஹாய்க்கு வடக்கே கடலுக்கு நடுவில் நிற்கிறார். ஒரு சின்னக் கோடு, பசிபிக்கின் அகலம். அவர் பதறுவதில்லை. எதையும் தொடாதவரை தாவலுக்குத் தண்டனை இல்லை என்பது அட்டவணை வேதம். குறியைச் சேர்க்கிறார், துறைமேடைக்கு வருகிறார், ஒரு மணி 40 வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 1989-ஆம் ஆண்டின் பூகம்பத்துக்குப் பிறகு அங்கே கூட்டமாக வந்து படுத்துக்கொண்ட கடற்சிங்கங்கள் ஊர் கேட்கக் குரைக்கும் என்பார்கள். இருநூறு தடவை அங்கே போய்வந்த நாற்காலியார் அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எந்த மூலையில் எந்த நிறுத்தம் என்று மட்டும் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இவ்வளவு பாடு எதற்கு? சில பிராணிகள் சில நாடுகளில்தான் கிடைக்கும் என்று ஆட்டம் எல்லை போட்டிருக்கிறது: கங்காஸ்கான் ஆஸ்திரேலியாவில், டாரோஸ் வட அமெரிக்காவில், மிஸ்டர் மைம் ஐரோப்பாவில். நம் பக்கத்துக்கு என்று எழுதிவைத்தது டோர்கோல், முதுகில் புகைபோக்கி வைத்த ஆமை. சென்னை நாற்காலியார் மிஸ்டர் மைமுக்காக மாட்ரிட் போகும் அதே ராத்திரி, மாட்ரிட் நாற்காலியார் டோர்கோலுக்காகச் சென்னை வருவதற்குத் தடையே இல்லை. இருவரும் ஒருவர் வீட்டை ஒருவர் காவல் காப்பதுபோலத்தான். மழை பெய்யும் ஊரில் நீர்ப்பிராணிகள் அதிகம் வரும் என்பதால் மழையைத் தேடிப் போய் நனையாமல் திரும்புவார். பிடித்த ஒவ்வொன்றின் அடியிலும் பிடிபட்ட ஊரும் தேதியும் ஆட்டமே எழுதிவைக்கும். அதை அவர் விசா முத்திரைபோல வருகிறவர்களுக்குக் காட்டுவார், கூச்சமே இல்லாமல்.

மாம்பழத்துக்காக முருகன் மயிலேறி உலகைச் சுற்றியபோது பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றிப் பழத்தை வாங்கவில்லையா என்று அவர் பக்கத்து வக்கீல் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் பிள்ளையார் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து சுற்றினார். சுற்றியதை நடுவர் எதிரிலேயே சுற்றினார். என் உலகம் இதுதான் என்று வாதாடியும் ஜெயித்தார். மயில்மேல் போய்விட்டு வந்ததாக மயில் இறகைக் காட்டவில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. எல்லோராலும் நடக்க முடியுமா? சக்கர நாற்காலியில் இருப்பவர், இருட்டியபின் வெளியே போக யோசிக்கும் பெண், நிறுத்தமே இல்லாத கிராமத்தில் இருப்பவர் என்ன செய்வார்கள்? நியாயம்தான். இந்த ஆட்டத்தின் நிறுத்தங்கள் பெரும்பாலும் நயான்டிக்கின் முந்தைய ஆட்டமான இன்க்ரஸ்ஸை ஆடியவர்கள் குறித்துக் கொடுத்தவை. அவர்கள் நகரத்தில் இருந்தார்கள், நிறுத்தமும் நகரத்தில் குவிந்தது. நடந்தே தீர வேண்டும் என்பது வேதவாக்கும் இல்லை: 2020-ல் கொரோனா வந்ததும் பலர் கூடிப் பெரிய பிராணியை வீழ்த்தும் ரெய்டில் வீட்டிலிருந்தே சேர நிறுவனமே அனுமதிச்சீட்டு விற்றது, நிறுத்தத்தைத் தொடும் தூரத்தை 40 மீட்டரிலிருந்து 80 ஆக்கியது. அடுத்த ஆண்டு சில நாடுகளில் அதைக் குறைக்கப்போய், ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, திரும்பக் கொடுத்தது. 2023-ல் அந்த வீட்டுச் சீட்டின் விலையை ஏற்றி, நாளைக்கு ஐந்துதான் என்று கட்டும் போட்டது. ஆக, நடக்க முடியாதவருக்குக் குறை இருக்கிறது, அதை அவர் கேட்டுப் பெறவும் வேண்டும். என் கண்ணில் உறுத்துவது, இரண்டு காலும் திடமாக உள்ள நாற்காலியார் இன்னொருவரின் ஊன்றுகோலை இரவல் வாங்கித் தன் வாதத்தை அதில் சாய்த்து வைப்பதுதான்.

விளையாட்டுத்தானே, யாருக்கு நஷ்டம் என்பது அடுத்தது. நஷ்டம் சின்னதுதான், ஆனால் எரிச்சலுக்கு அளவு கிடையாது. ஆட்டத்தில் 'ஜிம்' என்று ஒன்று உண்டு. அங்கே தன் பிராணியைக் காவலுக்கு விட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு காசு, நாளைக்கு உச்சபட்சம் 50. மழையில் நனைந்துபோய் ஒருவர் காவல் வைக்கிறார். ஆறாவது நிமிடத்தில் அது அடிபட்டு விழுகிறது, காசு பூஜ்யம். அடித்தவன் யார் என்று சுற்றும் முற்றும் பார்க்கிறார். மூடிய பெட்டிக்கடை, ஒரு நாய். அவ்வளவுதான் தெருவில். பேய்பிடித்த ஜிம் என்று அவர் திட்டுவது நியாயம். ஆனால் அதே மனிதர், ஆள் சேராத சிற்றூரில் ரெய்டுக்கு நாலு பேர் குறையும்போது அந்தப் பேய்கள் வந்து கைகொடுத்தால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். பேய்க்கும் ஊருக்கும் நடுவே அப்படி ஓர் ஊமை ஒப்பந்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நாற்காலியாருக்கு மிகப் பிடித்த வாதம் கடைசியில் வரும்: நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு கம்பெனிக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? பாதி சரி. நம் கால்களை அந்தக் கம்பெனி சும்மா ஓடவிடவில்லை. ஜப்பானில் மெக்டொனால்ட்ஸின் கிட்டத்தட்ட 3,000 கடைகள் 2016-லேயே ஜிம்மும் நிறுத்தமும் ஆயின. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கு ஆட்டம் வந்தபோது ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகள் அப்படி ஆயின. கடைக்காரருக்கு விற்கப்பட்டது நம் வருகை. நாற்காலியார் அனுப்பும் பேய் வாசல்வரை போகும், பர்கர் வாங்காது. அந்த அளவில் அவர் புரட்சிக்காரர்தான். ஆனால் தன் தெருப் பெயரை ஒரு கம்பெனியிடம் மறைப்பதற்காக அவர் என்ன செய்கிறார்? கைபேசியின் பூட்டை உடைத்து, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு செயலிக்கு உள்ளே இடம் கொடுத்து, கடவுச்சொல்லையும் தட்டுகிறார். திருடனுக்குப் பயந்து வீட்டுச் சாவியை ரயில் நிலையத்தில் பார்த்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகிற கணக்கு. மாற்றியமைத்த செயலிகளை விற்ற கூட்டம் ஒன்றின்மேல் நயான்டிக் 2019 ஜூனில் அமெரிக்காவில் வழக்கே போட்டது. மாட்டிய ஆட்டக்காரருக்கும் படிப்படியாகத் தண்டனை உண்டு: முதல் முறை எச்சரிக்கை, சுமார் ஏழு நாள் அபூர்வப் பிராணிகள் கண்ணில் படாது; இரண்டாம் முறை ஒரு மாதம் வெளியே; மூன்றாம் முறை கணக்கு மூடல். மூடிய அன்றைக்கே நாற்காலியார் இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்கி, முதல் படியிலிருந்து ஏறத் தொடங்குகிறார். சோம்பேறி செய்கிற காரியமா இது?

மணி 1.40. துறைமேடையில் காத்திருப்பு முடிகிறது. பந்தை வீசுகிறார், பிராணி சிக்குகிறது, அடியில் 'சான் பிரான்சிஸ்கோ, கலிபோர்னியா' என்று எழுத்து விழுகிறது. முட்டைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் பாக்கி. பொம்மையை லேசான தள்ளாட்டத்தோடு நடக்கவிட்டுவிட்டு, நாக்கு வறண்டுபோனதால் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். போக ஏழு அடி, வர ஏழு அடி. அன்றைக்கு அவர் நடந்த நடை அது ஒன்றுதான். கைபேசி சார்ஜரிலேயே இருந்ததால் அது கணக்கில் ஏறவில்லை.