பகல் வண்டியின் விளக்கு

இங்கிலாந்தில் செவன்காரர் என்று ஓர் இனம் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொழில் பெரும்பாலும் ஆடிட்டர், பல் டாக்டர், கணக்கு வாத்தியார் என்று கை அழுக்காகாத வகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே நுழைவார். சாப்பிடக் கூப்பிட்டால் “இதோ, ரெண்டே நிமிஷம்” என்று குரல் மட்டும் வரும். ஆள் வரமாட்டார்.

உள்ளே இருப்பது லோட்டஸ் செவன், அல்லது அதன் வாரிசான கேட்டர்ஹாம் செவன். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த வண்டி. கதவு என்று சொல்லத்தக்கது கிடையாது, கூரை பேருக்கு ஒரு துணி, எடை சுமார் 500 கிலோ. முழு வண்டியாக வாங்கினால் அன்றைக்கு வரியோடு 1,036 பவுண்டு. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் ஒன்றாகப் பூட்டிக்கொண்டால் 536 பவுண்டு. கொள்முதல் வரி கிடையாது. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பது சட்டம். சாப்மனா மசிவார்? வண்டியைக் கழற்றுவது எப்படி என்று ஒரு கையேடு போட்டுக் கொடுத்தாராம். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துக்கொண்டே வந்தால் வண்டி தயார். இது செவன்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஸ்தல புராணம். அதன் பலனோ என்னவோ, இன்றைக்கும் அவர்களுக்குக் கழற்றுவதுதான் மனப்பாடம். மாட்டுவதில்தான் தகராறு.

1973-இல் லோட்டஸ் இந்த வண்டியைக் கைவிட, சர்ரி மாவட்டத்துக் கேட்டர்ஹாம் ஊரின் விற்பனை நிறுவனம் உரிமையை வாங்கிக்கொண்டது. அதே வருஷம் கொள்முதல் வரி ஒழிந்து வாட் வந்தது. வரி மிச்சம் என்ற காரணம் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. செவன்காரருக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்த வண்டிக்கு முன்விளக்குகள் உடம்போடு பதிந்திருக்காது. இரண்டு கிண்ணங்கள், நண்டின் கண்போல, தண்டு வைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைத் தண்ணீர், சேறு, வழியில் செத்த பூச்சி எல்லாம் அதில்தான் வந்து இறங்கும். குரோம் பூச்சு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். வளையத்தின் இடுக்கில் நுழைந்த தண்ணீர் அடியில் தங்கி, உள்ளே பளபளக்க வேண்டிய பிரதிபலிப்பானைக் கீழிருந்து கறுக்க வைக்கும்.

கறுத்தால் என்ன கெட்டுவிட்டது என்று நமக்குத் தோன்றும். ஏனென்றால் செவன்காரர் இரவில் வண்டி எடுப்பதில்லை. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், வாஸ்தவம். ஆனால் அப்போது பனிக்காகச் சாலையில் உப்புத் தூவியிருப்பார்கள். உப்பு பட்டால் வண்டியின் சட்டம் அரித்துப்போகும் என்று அக்டோபரிலேயே வண்டியைப் போர்த்திப் படுக்க வைத்துவிடுவார். கோடையில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் வீடு திரும்பி, டீ குடித்து, வண்டியைத் துடைத்தும் முடித்திருப்பார். மழை வந்தால் கூரையை மாட்டும் நேரத்தில் மழையே விட்டுவிடும் என்பதால் வானம் கறுத்தாலே கிளம்பமாட்டார். ஆக, அந்த விளக்குகள் ஊருக்கு வழிகாட்டிய இரவு என்று ஒன்று அநேகமாகக் கிடையாது.

ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை இருக்கிறதே. சோதனைக்காரர் வண்டியைத் தேர்ச்சி பெற வைத்துவிட்டு, அடியில் ஒரு வரி எழுதியிருப்பார்: முன்விளக்குப் பிரதிபலிப்பான் லேசாக மங்கியிருக்கிறது, கவனிக்கவும். மற்றவர்கள் அந்தத் தாளை மடித்து டிராயரில் போடுவார்கள். செவன்காரருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. துக்கத்தால் அல்ல. கழற்ற ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

முதல் தடை, வளையத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகு. அது விளக்கின் அடிப்பக்கத்தில், தண்ணீர் வடிகிற இடத்திலேயே பார்த்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கு எண்ணெய் விட்டு ஊறப் போடுவார். மறுநாள் திருப்பிப் பார்ப்பார். நகராது. சூடு காட்டுவார், தட்டுவார், கெஞ்சுவார். கடைசியில் அதன் தலை உடையும். “நல்லதுக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டு துளைபோடும் கருவியை எடுப்பார். அந்த முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை வருஷாந்தரக் கணக்கு முடிக்கும்போது யாரும் பார்த்ததில்லை.

அடுத்தது குரோம். இதற்குக் கடையில் டப்பா டப்பாவாக மருந்து உண்டு. ஆனால் சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும் என்பது அவர் கண்ட உண்மை. உண்மைதான், துரு சாம்பல் நிறக் கூழாகக் கழன்று வரும், அடியில் குரோம் மினுங்கும். பூச்சே உதிர்ந்துபோன இடத்தில் மட்டும் எந்தத் தாளும் ஒன்றும் செய்யாது. மதியம் கோழியை அடுப்பில் வைக்கப்போகும் மனைவி தாள் சுருளைத் தேடுவார். வெறும் அட்டைக் குழல் கிடைக்கும்.

பிரதிபலிப்பான் விஷயத்தில்தான் புதுச் செவன்காரரும் பழையவரும் பிரிந்து தெரிவார்கள். புதியவர் அதையும் துணியால் தேய்ப்பார். வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் படலம் அது, அத்தனை மெல்லிசு. அழுக்கோடு படலமும் துணிக்கு வந்துவிடும். பழையவர் தொடமாட்டார், புதிது வாங்கிவிடுவார். ஒன்று வாங்கினால் மற்றது பழசாகத் தெரியும் என்று இரண்டு வாங்குவார். ஹாலோஜன் பல்பை வெறும் கையால் தொடக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிக் கண்ணாடி கெடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். தபால்காரருக்கும் எடுத்திருக்கிறார்.

பல்பு நன்றாக இருந்தும் வெளிச்சம் மங்கல் என்றால் பழி லூகாஸ் மேல். பர்மிங்ஹாமில் சைக்கிள் விளக்கு செய்து அதற்குச் ‘சாலையின் ராஜா’ என்று பேர் வைத்த கம்பெனி. பின்னாளில் கார்க்காரர்கள் பட்டத்தை ‘இருட்டின் இளவரசன்’ என்று மாற்றிக் கொடுத்தார்கள். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை: மங்கல், மினுக்கல், அணைப்பு. கிழட்டு ஜோக். செவன்காரர் இதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லி, முதல் ஆளாகச் சிரிப்பார். குற்றவாளி பெரும்பாலும் எர்த் கம்பி. வண்டிச் சட்டத்தின் மேல் கெட்டியாகப் பெயின்ட் இருக்கும். அதன் மேலேயே போல்ட்டை முடுக்கினால் மின்சாரம் எங்கே போகும்? மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். போல்ட்டுக்கு அடியில் ஒரு காசளவு பெயின்ட்டைச் சுரண்டினால் தீர்ந்தது. ஆனால் அது பத்து நிமிஷ வேலை. அதனால் அதைக் கடைசியாகத்தான் கண்டுபிடிப்பார்.

எல்.இ.டி. பல்பு போடேன் என்று யாராவது சொன்னால் வந்தது வினை. 1986 ஏப்ரல் முதல் வந்த வண்டியில் ஹாலோஜன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால் எம்.ஓ.டி. தேறாது என்று விதியைச் சொல்வார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. எச்4 பல்பின் இரண்டு இழைகள், கீழ் இழைக்கும் மேல் இழைக்கும் உள்ள பந்தம், இடது பக்கம் ஏறும் ஒளிக்கோடு என்று போய்க்கொண்டே இருக்கும். கேட்டவர் வேலிக்கு அந்தப் பக்கம் மெல்ல நகர்ந்திருப்பார்.

எல்லாம் மாட்டியாயிற்று. இனி ஒளியைக் குறிபார்த்து வைக்கவேண்டும். கராஜ் கதவில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, இருட்டில் பார்க்க வேண்டிய காரியம். மாதமோ ஜூன். பத்து மணிக்கு மேல்தான் இருட்டும். வீட்டு முற்றம் 25 அடி இருக்காது. வண்டியின் பின்பாதி தெருவில் நிற்கும். இத்தனை லேசான வண்டியில் ஓட்டுநர் உட்கார்ந்தால் ஒளியின் மட்டமே மாறும் என்பதால், உட்கார ஓர் ஆள் வேண்டும். மனைவியை அழைப்பார். மனைவி எடை குறைவு. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, தோட்டத்து உரமண் மூட்டை ஒன்றை மடியில் வைப்பார். அம்மையார் இரவு உடையில், மூட்டையைக் கட்டிக்கொண்டு, கதவில்லாத வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, இவர் திருகுளியோடு குனிந்து “அரை சுற்று... இல்லை, கால் சுற்று” என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்வார். நாயை நடத்திவிட்டுத் திரும்பும் பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக் கடந்து போவார்.

பதினொன்றுக்குக் கோடு டேப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளை வெளிச்சம், கத்தி வெட்டு. தெருவே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

“அழகா எரியுதே” என்றார் அம்மையார், மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு. “ஏறி உட்கார்ந்ததும் ஆச்சு. அப்படியே ஒரு சுற்று போயிட்டு வரலாமா?”

செவன்காரர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

“இந்த இருட்டிலயா?”