ஆறா, அரை டஜனா?

வா கண்ணு, பையைக் கீழ வச்சுட்டு நில்லு. தர்ஷினின்னா உட்கார நாற்காலி இருக்காது, நின்னுக்கிட்டேதான் தின்னணும்னு தெரிஞ்சும் கிருஷ்ணகிரியிலருந்து பஸ் ஏறி வந்திருக்கேன்னா, உங்கம்மா போன்ல அழுத அழுகை அப்படி. ரெண்டு கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு, எதுல சேர்றதுன்னு தெரியாம பத்து நாளா பையன் தூங்கலைன்னாளே!

காட்டு, பார்ப்போம். அடேங்கப்பா, எக்ஸலா? உங்க பாட்டிய பொண்ணு பார்த்தப்பகூட இத்தனை கட்டம் போடலடா. சம்பளம் ஒண்ணு. லீவு ஒண்ணு. ரெண்டு ஆபீசும் ரிங் ரோட்டுல ஒரே காம்பவுண்டு, எதிரெதிர்க் கட்டடம். இந்த ஜன்னல்ல நின்னா அந்த ஜன்னல்காரன் கொட்டாவி விடறது தெரியும். இதுக்கா பத்து நாள்?

உன் ரூம்காரன் என்ன சொன்னான்? "சிக்ஸ் ஆஃப் ஒன், ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்." ஆறுன்னாலும் அரை டஜன்னாலும் ஒண்ணுதான்னு அர்த்தமாம். மாரியட்னு ஒரு கப்பல் கேப்டன் 1836-லயே கதைப் புத்தகத்துல எழுதிட்டான்னு போனைத் தடவி வேற சொல்ற. இருக்கட்டும். நம்ம பக்கம் கழுதை விட்டையில முன் விட்டை என்ன, பின் விட்டை என்னன்னு கேட்டு முடிச்சிடுவோம். வெள்ளைக்காரன் நாசூக்கானவன், முட்டைக் கணக்கோட நிறுத்திக்கிட்டான்.

நீ குடியிருக்கிற ஊர் மட்டும் என்னவாம்? 2014 நவம்பர் 1-ல பெங்களூரை பெங்களூருன்னு மாத்தினாங்க. போர்டுல எழுத்து மாறிச்சு, சில்க் போர்டுல நின்ன லாரி நின்ன இடத்துலதான் நின்னுச்சு. போன தடவை எலக்ட்ரானிக் சிட்டிகிட்ட வந்ததும் "மேல போகலாமா, கீழ போகலாமா தாத்தா"ன்னு கேட்டியே! 2010-ல திறந்த பத்து கிலோமீட்டர் பாலத்துல சுங்கம் கட்டி ஏறினோம். இறங்கினதும், கீழ ஓசியில வந்த அதே தக்காளி வண்டிக்குப் பின்னாடி போய் நின்னோம். அந்த டிரைவர் உன்னைப் பார்த்துச் சிரிச்சான்னு நான் அன்னிக்குச் சொல்லல, மனசு கஷ்டப்படுவேன்னு.

இன்னொண்ணு கேளு. அல்சூர் ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலையைப் பதினெட்டு வருஷம் மூடியே வச்சிருந்தாங்க. கடைசியில 2009 ஆகஸ்ட் 9-ல கருணாநிதி வந்து திறந்தார். நாலே நாள்ல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, கணக்கு சரி. இவர் ரெண்டு அடியில சொன்னார், அவர் மூணு அடியில சொன்னார். அடி வாங்குறவனுக்கு ரெண்டென்ன, மூணென்ன!

அப்ப பூவா தலையா போட்டுடலாமான்னு பார்க்கிறியா? பொறுடா. பூன்னதும் ஞாபகம் வருது. கே.ஆர். மார்க்கெட்டுல பூ எப்படி அளக்கிறாங்கன்னு பார்த்திருக்கியா? நம்ம முழம்தான் அவங்களுக்கு மொள. நாலு முழம் ஒரு மாரு. நாலு முழமா வாங்கினாலும் ஒரு மாரா வாங்கினாலும் உன் எக்ஸலுக்கு ஒண்ணுதான். உங்க பாட்டி ஒத்துக்க மாட்டா. மல்லிகை வாடியிருக்கான்னு அப்புறம்தான் பார்ப்பா, முதல்ல பூக்காரி கையைப் பார்ப்பா. கை நீளமானவளா தேடிப் போய் நிப்பா. குட்டைக் கைக்காரி முழங்கையில பிடிச்சு, விரலை லேசா மடக்கி அளந்தான்னா முழத்துக்கு ரெண்டு விரக்கடை போச்சு. நாலு தடவை அளந்தா நாலு தடவை போச்சு. "கையை ரெண்டு பக்கமும் விரிச்சு ஒரே மாரா கொடும்மா"ன்னு கேட்டு வாங்குவா. விரிச்ச கையில விரலை மடக்கினா ஊரே பார்க்கும்ல?

உன் ரெண்டு கம்பெனியில எவனுக்குக் குட்டைக் கைன்னு இந்தக் கட்டத்துல எங்கடா இருக்கு? ரெண்டு பேரும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வேலைன்னுதான் எழுதியிருக்கான். ஆறுன்னா ஆறுக்கே விடறவன் எவன், ஆறுன்னு சொல்லி ஒம்பது வரைக்கும் இழுக்கிறவன் எவன்? நாளைக்கு அந்த காம்பவுண்டு வாசல் டீக்கடையில ராத்திரி ஒம்பது மணிக்குப் போய் நில்லு. எந்தக் கட்டடத்துல விளக்கு எரியுதுன்னு பாரு. வெளிய வர்ற பசங்க மூஞ்சியையும் பாரு. டீக்கடைக்காரனுக்கு உங்க எச்.ஆரைவிட அதிகம் தெரியும்.

சரி, தொண்டை காயுது. கவுண்டருக்குப் போய் ஒரு பை டூ காபிக்கு டோக்கன் வாங்கு. காசா? நீ கொடுத்தா என்ன, நான் கொடுத்தா என்ன. உன் போன்லயே ஸ்கேன் பண்ணிடு.

வந்துச்சா? பேஷ், ஒரு காபியை ரெண்டு டம்ளர்ல சமமாத்தான் ஊத்தியிருக்கான். நுரை பொங்கி நிக்குது பார், அந்த டம்ளர் உனக்கு. ஏன்டா முறைக்கிற? ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பத்தானே இங்கிலீஷுல சொன்ன?