அடைப்புக்குறிப் பொறியாளர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எந்த ஊரிலும் காலை ஏழு மணிக்கு ஒரு தெருமுனையில் நின்று பாருங்கள். கல்லூரிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளை கண்ணில் படும். முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்பட்ஸ். கண்ணுக்குத் தெரியாத நான்காவது அடையாளம், பட்டத்தின் பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறி. ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்று சொல்லிவிட்டு இவரால் மூச்சுவிட முடியாது. ஏ.ஐ.எம்.எல்., சைபர் செக்யூரிட்டி, ஐ.ஓ.டி., டேட்டா சயின்ஸ் என்று ஒன்றைச் சேர்த்தால்தான் வாக்கியம் முடியும். கேட்ட பெரியப்பா அதையெல்லாம் உள்வாங்கித் தலையாட்டிவிட்டு, “அப்ப நம்ம வீட்டு வைஃபை ஏன் மாடிக்கு வரமாட்டேங்குது?” என்பார். இந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அடைப்புக்குறியைச் சுமப்பவர்தான் இவர், தேர்ந்தெடுத்தவர் இல்லை.

அது எப்படித் தேர்வாகிறது என்று பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். விருப்பப் பட்டியலின் உச்சியில் நல்ல கல்லூரியின் வெறும் சி.எஸ்.இ. இருக்கும். அது கைநழுவினால் அதே கல்லூரியின் ஏதாவது ஒரு அடைப்புக்குறி. அதுவும் போனால் அடுத்த கல்லூரி, அடுத்த அடைப்புக்குறி. மதிப்பெண் எங்கே நிற்கிறதோ அங்கே ஆர்வமும் நின்றுவிடும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவருக்கு அந்த வேலையைக் கட்டணம் செய்கிறது. ஒதுக்கீட்டு ஆணை வந்த அன்று மாலையே, “சின்ன வயசுலேர்ந்து இவனுக்கு சைபர் செக்யூரிட்டின்னா உயிர்” என்று அம்மா எதிர்வீட்டில் அறிவித்துவிடுவார். முந்தின நாள் வரை அந்தச் சொல்லை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

உள்ளே போனபின் நடப்பது இன்னும் வேடிக்கை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: அணிகள், இயற்பியல், வேதியியல், பைத்தான், இவற்றோடு தமிழர் மரபு. எந்திர மூளையைப் படைக்க வந்தவர், டிராஃப்டரும் கையுமாக உட்கார்ந்து ஒரு கூம்பைக் குறுக்காக வெட்டி வரைந்துகொண்டிருப்பார். அடுத்து டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ். அடைப்புக்குறி இருப்பவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி அரியர் வைக்கும் தாள்கள் இவை. தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்தாலும், இந்த அஸ்திவாரத்தைத் தாண்டிக் குதிக்க அங்கும் வழியில்லை. போதாக்குறைக்கு, வெறும் சி.எஸ்.இ. படிப்பவரும் அதே 2021 திட்டத்தில் ஏ.ஐ., சைபர் செக்யூரிட்டி, கிளவுட் என்று விருப்பத் தாள்களை ஒரே வரிசையில் எடுக்கலாம். கூடுதலாக 18 கிரெடிட் முடித்தால் ஹானர்ஸ் பட்டமே உண்டு. பதினேழு வயதில் அவசரமாக வாங்கிய அடைப்புக்குறியை, இருபது வயதில் நிதானமாகவும் வாங்கியிருக்கலாம் என்பது இவருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும்.

“காலம் மாறுதே சார், புதுசா படிக்க வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஐ.ஐ.டி. ஹைதராபாத் 2019இலேயே செயற்கை நுண்ணறிவுக்குத் தனி பி.டெக். தொடங்கிவிட்டது, அதில் குற்றம் காண முடியாது. ஆனால் இயந்திரக் கற்றலுக்கு அடித்தளம் போட்டதற்காக 2024இல் இயற்பியல் நோபல் பெற்ற இருவரில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன், கேம்பிரிட்ஜில் 1970இல் வாங்கிய இளநிலைப் பட்டம் பரிசோதனை உளவியலில். அவர் இங்கே வளாக நேர்காணலுக்கு வந்திருந்தால், “பிராஞ்ச் மேட்ச் ஆகல” என்று வாசலிலேயே உட்கார வைத்திருப்பார்கள். “கம்பெனிக்காரன் அடைப்புக்குறியைப் பார்க்கிறானே?” என்பது அடுத்த கேள்வி. பெரிய நிறுவனங்கள் கூட்டமாக ஆளெடுக்கும்போது எல்லா அடைப்புக்குறிகளையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து, ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகும் என்றுதான் தொடங்குகிறார்கள். ஆவடி மின்ரயிலில் மூன்றாண்டு தொங்கிக்கொண்டு போனவருக்கும் அந்தக் கணக்கு இடறும்.

அப்படியானால் பெற்றோர் ஏமாளிகளா? இல்லை. இந்த வட்டாரத்தின் அனுபவம் அவர்களுக்கு வேறு பாடம் சொல்லித்தந்திருக்கிறது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று சோறு போட்ட இடங்களில், ஐ.டி.ஐ. சான்றிதழில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று என்ன எழுதியிருந்ததோ அதுதான் வேலையாயிற்று. தனித்துறை ஒன்றைப் பிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தகப்பன் நம்புவது கண்ணால் கண்ட நியாயம். ஒன்றைத்தான் அவர் கவனிக்கத் தவறுகிறார்: டர்னர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு லேத் இருந்தது. ஆகவே சேர்க்கைக்குப் போகும்போது கட்டடத்தின் ஏ.சி.யைப் பார்ப்பதோடு, அந்த அடைப்புக்குறிக்கே உரிய தாள்கள் எவை, நடத்துபவர் யார், ஆய்வகத்தில் என்ன ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும். கடைசி ஆண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் எண்ணமிருந்தால் கேட்கத் தேவையில்லை.

அன்றைய டிரேட் டெஸ்டில் ஃபோர்மேன் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, இரும்புத் துண்டை நீட்டி, “கடைஞ்சு காட்டுப்பா” என்பார். 2024 நவம்பரில் பட்டாபிராமில் திறந்த டைடல் பார்க்கின் 21 மாடிகளில் எதில் ஏறினாலும் சுற்றி வளைத்து அதையேதான் கேட்பார்கள். காட்ட ஏதாவது கையில் உள்ள பிள்ளைக்கு எந்த அடைப்புக்குறியும் பொருந்தும். இல்லாதவர் அதற்குள் இன்னும் நாலு எழுத்தைத் திணித்தால் விசிட்டிங் கார்டுதான் அகலமாகும்.