வலது கைச் சுண்டுவிரல்

ஐந்து பந்து வரைக்கும் விட்டுவைப்பார். ஆறாவது பந்துக்குக் குனியும்போது பின்னால் ஒரு செருமல் கேட்கும். கோல்ஃப் டிரைவிங் ரேஞ்சில் ஆறு மாதம் பழகியவர்கள் அந்தச் செருமலுக்குத் திரும்ப மாட்டார்கள். அவசரமாக போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். புதியவர்கள் திரும்பிவிடுவார்கள். அவ்வளவுதான்.

“தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. கையைக் கொஞ்சம் காட்டுங்க.”

கைரேகை ஜோசியம் இல்லை. கிரிப், அதாவது மட்டையைப் பிடிக்கும் விதம்.

கிரிப் சாரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. வேலைக்கு வைத்திருக்கும் புரோ, மாணவர் யாரும் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷம் வங்கியில் உட்கார்ந்து செக்கில் உள்ள கையெழுத்தைச் சரிபார்த்த கண் கிரிப் சாருடையது. எவன் கையில் கோளாறு என்பது அடுத்த வரிசையிலிருந்தே தெரிந்துவிடும்.

“வார்டன் கிரிப் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். நாலு வருஷம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு வந்த ஐ.டி. இளைஞர் ஒருவர், “தெரியும் சார், பத்து மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிடுவார்” என்றார். சார் சிரிக்கவில்லை. அவர் சொன்னது ஹாரி வார்டனை. ஜெர்சி தீவில் பிறந்து, 1896 முதல் 1914 வரை பிரிட்டிஷ் ஓப்பனை ஆறு முறை வென்றவர். ஏழாவது முறை வென்றவர் இன்றுவரை இல்லை. வலது கைச் சுண்டுவிரலை, இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் உட்காரவைக்கும் பிடிக்கு அவர் பெயர்தான் நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தின் ஜானி லெய்ட்லே அப்படிப் பிடித்தவர். அது சாருக்குத் தெரியும். சொல்ல மாட்டார், பாடம் நீண்டுவிடுமாம்.

இளைஞரின் சுண்டுவிரலைத் தன் இரண்டு விரலால் தூக்கி, பள்ளத்தில் வைத்து, ஒரு தட்டுத் தட்டுவார். தபால்தலை ஒட்டுவதுபோல. அது பிரிந்து வரும். மறுபடி ஒட்டுவார். டைகர் உட்ஸும் ஜாக் நிக்லஸும் சுண்டுவிரலை ஆள்காட்டி விரலோடு கொக்கி மாதிரி கோத்துப் பிடிப்பவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 33 மேஜர் பட்டங்கள். இதை யாரோ எடுத்துச் சொன்னபோது சார் பெருமூச்சு விட்டார். “அவங்களுக்குச் சொல்லித் தர ஆள் அமையல.”

அடுத்தது பறவை. கையில் சின்னப் பறவை இருப்பதுபோலப் பிடிக்க வேண்டும், நசுங்கவும் கூடாது, பறக்கவும் கூடாது என்ற உவமையை சாம் ஸ்னீட் பெயரில் சொல்வது கோல்ஃப் உலக வழக்கம். பிஜிஏ டூரில் 82 முறை வென்றவர் ஸ்னீட். அவர் பெயரைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. சார் அந்தப் பறவையை ஆளுக்குத் தகுந்தாற்போல மாற்றிக்கொள்வார். ஒல்லியானவர்களுக்குச் சிட்டுக்குருவி, தாட்டியானவர்களுக்குப் புறா. கோழிப்பண்ணை வைத்திருக்கும் நாமக்கல்காரர் ஒருவர் வந்தபோது உற்சாகம் தாங்காமல் “கோழிக்குஞ்சு” என்றுவிட்டார். “எங்க ஆளுங்க ஒரு கையில நாலு குஞ்சு பிடிப்பாங்க சார்” என்று நாமக்கல்காரர் பிடித்தும் காட்டினார். அன்றைக்கு மட்டும் பாடம் பாதியில் நின்றது.

சாரின் பையில் மட்டைகளோடு ஒரு புத்தகமும் இருக்கும், பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிரவுன் அட்டை போட்டு. 1957இல் வந்த பென் ஹோகனின் ‘ஃபைவ் லெசன்ஸ்’. முதல் பாடமே கிரிப்தான். விரல்களையும் நரம்புகளையும் அந்தோணி ராவியெல்லி வரைந்திருக்கும் படங்களைச் சார் சாமி படம் மாதிரித் தொட்டுக் காட்டுவார். தப்பில்லை, அந்தப் படங்கள் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஹோகனுக்கு வாழ்நாள் வியாதி ஹூக். பந்து இடதுபக்கம் சுருண்டு ஓடும். அதை அடக்கத்தான் கையை இடதுபக்கம் திருப்பிப் பிடித்தார். ரேஞ்சுக்கு வருகிற புதியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதோ ஸ்லைஸ், அதாவது பந்து வலதுபக்கம் வளைந்து போவது. அவர்கள் கையை வலதுபக்கம் திருப்பி, இடது கைக் கணுக்கள் கூடுதலாகத் தெரியும்படி பிடித்தால் கொஞ்சம் குணம் தெரியும். சார் அவர்களுக்கும் ஹோகன் மருந்தையே கொடுக்கிறார். வயிற்றுப்போக்குக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மலச்சிக்கல்காரருக்குக் கொடுக்கிற வைத்தியம் இது. முன்பு பந்து வலதுபக்க வலையில் விழுந்துகொண்டிருந்தவருக்கு இப்போது வலையைத் தாண்டிப் போகிறது. “பார்த்தீங்களா, தூரம் கூடியிருக்கு” என்பார்.

‘தலையைத் தூக்காதே’ என்பதும் உண்டு. அடிக்கும் கணத்திலேயே முகத்தைத் திருப்பிவிடும் ஆனிகா சோரன்ஸ்டாம் பத்து மேஜர் வென்றிருக்கிறார் என்று சொன்னால் காது கேட்காது. ஜிம் ஃபியூரிக் பேச்சை எடுத்தால் முகமே வாடிவிடும். மட்டையை வானத்தில் வட்டம் சுற்றிக் கொண்டுவரும் அந்த ஸ்விங்கை அப்பாவைத் தவிர யாரும் திருத்த வரவில்லை; 2003இல் யூ.எஸ். ஓப்பன், 2016இல் ஒரே சுற்றில் 58.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய கூடையில் ஐம்பது பந்து. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முப்பத்தைந்து அப்படியே கிடக்கும். ஆபீசுக்கு நேரமாகிவிடும். இன்னொருவர் கையைக் கேட்காமல் பிடிப்பது மரியாதை இல்லை என்று வேறு எந்த இடத்தில் சொன்னாலும் சார் முதல் ஆளாக ஒப்புக்கொள்வார். இங்கே மட்டும் அது சேவை.

பெண்கள் கையை மட்டும் தொட மாட்டார், நல்ல குடும்பத்து மனிதர். அதற்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார். ஒருநாள் ஒரு பெண்மணி செவன் அயர்னில் பந்து பந்தாக நேர்கோட்டில் அனுப்பிக்கொண்டிருந்தார், கல்லூரி நாளிலிருந்தே ஆடுகிறவர். கார் ஓட்டிவந்த கணவர் பின்னால் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சார் நேராகக் கணவரிடம் போனார். “அம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லுங்க, சுண்டுவிரல்…” என்று பேப்பரைப் பிடுங்கி வைத்துவிட்டு, கணவரின் கையில் ஒரு குடையைக் கொடுத்து வார்டனை ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். அந்த அம்மாள் கூடையை முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றி மடித்து, காருக்குள் போய் உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஐ.டி. இளைஞர்தான் ஆயுதம் கொண்டுவந்தார். கோல்ஃப் விதிகளில் 10.2 என்று ஒன்று உண்டு: போட்டிச் சுற்றில் ஆடும் ஒருவர், அதே போட்டியில் ஆடுகிற இன்னொருவருக்கு அறிவுரை சொல்லக் கூடாது, சொன்னால் ஸ்ட்ரோக் ப்ளேயில் சொன்னவருக்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். அதை போனில் எடுத்து நீட்டினார். சார் கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் படித்தார்.

“இது சுற்று ஆடும்போது. ரேஞ்சுக்குப் பொருந்தாதே” என்றார். அது சரிதான். போனைத் திருப்பிக் கொடுத்தவர், இளைஞர் அதை வாங்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எதுக்கு இவ்வளவு இறுக்கம்? குருவி தம்பி, குருவி.”