கொழும்புப் பூங்காக்களின் உரிப்பொருள்

தமிழ் இலக்கணம் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, இடமும் காலமுமாகிய முதற்பொருள், அங்கே காணப்படும் விலங்கு, பறவை, மரம், உணவு முதலான கருப்பொருள், அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என ஒவ்வொன்றுக்கும் மூன்றைக் கூறிச் சென்றிருக்கிறது. மலை, காடு, வயல், கடல், வறண்ட நிலம் யாவும் இடம்பெற்றுள்ள அப்பட்டியலில், மாநகர சபை புல் வெட்டி, கல் பதித்து, பூப்பறிக்கலாகாது என்று பலகை நட்டுவைத்த நிலம் எதில் அடங்கும் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர் சப்பாத்து மாட்டிக்கொண்டு நாள்தோறும் தேடிச் செல்லும் இந்த ஆறாவது நிலத்துக்கு இலக்கணம் வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்பொருளில் இடத்தை எடுத்துக்கொண்டால், கொழும்பின் மூத்த உலாவிடங்களுள் ஒன்று காலிமுகத்திடலாகும். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதையின் நினைவுக் கல், நகரத்துப் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்கிறது; ஆண்களைப் பற்றிய பேச்சே அதில் இல்லாமைக்கு, அவர்கள் அக்காலத்தில் அதே திடலில் குதிரைப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தமை காரணமாகலாம். நகர மண்டபத்துக்கு எதிரேயுள்ள விக்டோரியா பூங்கா 1958 இல் மன்னன் துட்டகைமுனுவின் தாயாரான விகாரமகாதேவியின் பெயரைப் பெற்றது என்றாலும், வெள்ளவத்தை முதியோர் பலர் ஓட்டோக்காரரிடம் இன்றும் பழைய அரசியின் பெயரையே சொல்கின்றனர்; எந்த அரசியிடம் போனாலும் கூலி ஒன்றே என்பதால் ஓட்டோக்காரரும் அதைத் திருத்துவதில்லை. கொட்டாஞ்சேனையார் களனி கங்கையின் கழிமுகத்தை அண்டிய மட்டக்குளியின் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்காவை நாடுவர். இயற்கையை அருகிருந்து காண விரும்புவோருக்கு, மரப்பலகை நடைபாதையும் பறவைகளை மறைந்திருந்து பார்க்கும் குடில்களும் கொண்ட 18 ஹெக்டேயர் பரப்பிலான பெத்தகான ஈரநிலப் பூங்கா கோட்டேயில் உண்டு.

காலத்தைப் பொறுத்தவரை, சிறுபொழுது எனப்படும் நாளின் பகுதிகளுள் வைகறையும் மாலையும் பூங்காவுக்கு உரியவை. பெரும்பொழுது எனப்படும் பருவம் ஒன்றே ஒன்று: அது இரத்தப் பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்த நாளில் தொடங்கி, வைத்தியர் சொன்னவை மறந்துபோகும் நாளில் முடிவடையும். சீனி வருத்தம் என்று ஈழத்தமிழர் வழங்கும் நீரிழிவே இப்பருவத்தின் தெய்வமாகும்.

இடத்துள் சொல்லப்பட்ட ஈரநிலம் என்பது மழைநீரைத் தேக்கிவைத்து மெல்ல வெளியேற்றும் தாழ்நிலம். மண் போட்டு நிரப்பிக் காணியாக்குவதற்கென்றே இறைவன் அதைப் படைத்தான் என்று நெடுங்காலம் நம்பிய நகரம், 2010 நவம்பர் மழையில் தியவன்னா ஓயாவின் நடுவே அமைந்த பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் அகப்பட்டபோது மறுபரிசீலனை செய்யத் தலைப்பட்டது. மக்களின் வீடுகளுக்குள் நீர் புகுந்த பல ஆண்டுகள் கற்பிக்காததை அந்த ஒரு மழை கற்பித்தது. ஈரானின் ராம்சார் நகரில் 1971 இல் உருவான ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரங்கள் என்று 2018 இல் முதன்முறையாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் இடம்பெற்றது. கோட்டேச் சதுப்புகளின் நீர் கால்வாய்களின் வழியே வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் ஆகிய இடங்களிற் கடலை அடைகிறது. எனவே வெள்ளவத்தைவாசி எரிபொருளும் நுழைவுச்சீட்டும் செலவழித்துக் கோட்டேக்குச் சென்று பார்க்கும் அதே நீர், சற்றுப் பொறுத்திருந்தால் அவருடைய ஒழுங்கைக்கு அருகே இலவசமாகவே வந்துசேரும். வரும் வழியில் அது சேர்த்துக்கொள்ளும் நறுமணத்தை அறிந்தவராதலால், அவர் காசு கொடுத்துப் பார்ப்பதையே விரும்புகிறார்.

கருப்பொருள்களுள் முதலிடம் கபரகொய்யாவுக்கு உரியது. இரண்டு மீற்றருக்கும் மேலாக வளரக்கூடிய இந்த நீர்ப்பல்லி, உடும்பின் பெரிய உறவுமுறை எனலாம். பேசாமல், கைத்தொலைபேசியைப் பார்க்காமல், யாருக்காகவும் நிற்காமல் பூங்காவில் நடப்பது இது ஒன்றே. மீன்பிடிப் பூனை பெரும்பாலும் இரவில் வெளிப்படுவதால் தமிழர் அதைக் காண்பதில்லை. விசாரணைக்கு உட்படாமல் கொழும்பில் வாழ்வதற்கு அது கண்டுபிடித்த வழி இதுவாயிருக்கலாம். பறவைகளுள் கூழைக்கடாவும் நீர்க்காகமும் குறிப்பிடத்தக்கவை. மரங்களுள், அன்னமுன்னாவை ஒட்டுவதற்கான அடிமரமாக அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, ஒட்டுவேலையை உதறிவிட்டுச் சதுப்பு முழுவதையும் பிடித்துக்கொண்ட ஓர் ஆக்கிரமிப்புத் தாவரம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மாவும் முருங்கையும் தேசியும் நின்ற வளவை விட்டுவந்து, தொடர்மாடியின் நான்காம் தளத்தில் பெயின்ற் வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வளர்க்கும் முதியவருக்கு, அதன் ஆக்கிரமிப்பு வரலாறு பொருட்டன்று. இதன் பழத்தைச் சாப்பிடலாமா, கன்று எடுக்கலாமா என்பவையே அவர் கேட்கும் தாவரவியல் வினாக்கள். உணவு என்ற வகையில், காலிமுகத்திடலின் இறால் வடையும் கச்சானும், நடையால் உடல் இழந்ததை உடனுக்குடன் ஈடுசெய்து சமநிலையைக் காக்கின்றன.

இனி எஞ்சுவது உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதவை ஒரு திணையிலிருந்து இன்னொன்றுக்கு மயங்கலாம், அதாவது கலக்கலாம் என்று தொல்காப்பியம் இடந்தருகிறது. ஆனால் குறிஞ்சி மலைக்குரிய புணர்தலைக் காலிமுகத்திடலின் காதலர் ஒரு குடையின் கீழ்க் கடற்கரைக்குக் கொண்டுவந்துவிட்டனர். நெய்தலுக்குரிய இரங்கலோ, அக்குடையைக் கடந்து செல்லும் மாமாமாரிடம் தஞ்சம் புகுந்துவிட்டது. இந்த மயக்கத்தை ஒதுக்கிவைத்து நோக்கினால், நடத்தலே பூங்காவின் உரிப்பொருள் என்று தோன்றும். அது பிழை. நடப்பதற்காகக் காரில் வந்து, நடக்கவேண்டிய தூரத்தைக் குறைக்கும் பொருட்டு வாயிலுக்கு மிக அருகிலுள்ள தரிப்பிடத்துக்காகக் காத்திருக்கும் ஒருவரின் ஒழுக்கம் நடத்தலாக இருக்க முடியாது. அவருடைய ஒழுக்கம் விசாரித்தல். “பிள்ளை எவடம்? ஆற்றை மகள்? எப்ப வந்தனீங்கள்? ஆரோட நிக்கிறியள்? எப்ப திரும்பிப் போறது?” என்ற ஐந்து வினாக்களும் முறையாகக் கேட்கப்பட்டு, விடையும் பெறப்பட்ட பின்னரே அன்றைய உடற்பயிற்சி நிறைவுறும்.

இவ்வினாக்களைத் தொகுத்து நோக்கும் ஆய்வாளருக்கு ஓர் உண்மை புலப்படும். போர்க்காலத்தில் காலி வீதியின் சோதனைச் சாவடிகளிலும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலும், பொலிஸ் பதிவுப் படிவங்களிலும் கேட்கப்பட்டவை இதே ஐந்துதான். விடை திருப்தி தராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டு, பின்னர் உயர் நீதிமன்றம் குறுக்கிட்ட நிகழ்வு சான்றாகும். காலிமுகத்திடலிலேயே 1956 ஜூன் 5 அன்று, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டனர். பொதுவெளியிற் கூடியிருந்து உரக்கத் தமிழ் பேசுவது இந்நகரில் எக்காலத்திலும் எளிதாக வாய்த்த பொழுதுபோக்கன்று. போர் முடிந்த மறு ஆண்டில், 2010 இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதனால் சாவடிகளுக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சே அடுத்துவந்த ஆண்டுகளில் நடைபாதைகளுக்கும் பொறுப்பாயிற்று. அமைச்சு சாவடியை எடுத்துவிட்டுக் கல் பதித்தது. வினாத்தாளை மட்டும் வெள்ளவத்தை அன்ரிமார் பொறுப்பேற்றுக்கொண்டனர். அடையாள அட்டையைக் கேட்காமல், விடை சொன்னவருக்குக் கச்சான் பொட்டலத்திற் பாதியைக் கொடுக்கும் விசாரணை இது என்பதனாலேயே, ஒருகாலத்தில் அச்சம் தந்த அதே கேள்விகள் இன்று பொழுதுபோக்காக வகைப்படுத்தப்படுகின்றன.

புணர்தல் முதலான ஒவ்வோர் உரிப்பொருளுக்கும் அதன் நிமித்தமும், அதாவது அதற்கு ஏதுவான செயலும், இலக்கணத்தில் உண்டு. விசாரித்தல் நிமித்தமாவது, தெரிந்த முகம் தொலைவில் வரக் கண்டு, அவிழாத சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து மீண்டும் கட்டியபடி காத்திருத்தல். அதற்கு மறுதலையாக, அதே முகத்தைக் கண்டதும் திரும்பி வேகநடை போடுவோரும் உளர். கொழும்புத் தமிழரிடையே பதிவாகும் உண்மையான உடற்பயிற்சி பெரும்பாலும் இப்பிரிவினருடையதே.

ஆகவே, ஹென்றி வார்டைப் பின்பற்றி இக்கட்டுரையும் இனி வரவிருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு பரிந்துரையை முன்வைக்கிறது. தூரத்தைக் காட்டும் பலகைகளுக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்தி, வாயிலுக்கு அருகிலேயே ஒன்றையொன்று நோக்கிய நீண்ட வாங்குகளை நிழலில் அமைத்தல் வேண்டும். உள்ளேயுள்ள நடைபாதையைக் கபரகொய்யா தொடர்ந்து பயன்படுத்திவரும் என்பதால், அது வீணாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை.